கடல் பிளந்த காட்சியும் காற்று வீசிய இரவும்

பாஸ்கா திருவிழிப்பு இரவில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழனுள் சிலவற்றைச் சூழ்நிலை கருதிக் குறைத்துக்கொள்ளத் திருச்சபை இசைவளிக்கிறது. ஆனால் விடுதலைப் பயண நூலிலிருந்து எடுக்கப்பட்ட வாசகத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடலாகாது. குருத்துவப் பணியில் கால் நூற்றாண்டைக் கடந்துவிட்ட நான், அத்தனை ஆண்டுகளும் அவ்வாசகத்தைப் பீடத்தருகே அமர்ந்து கேட்டிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் எனக்கு நேர்வது ஒன்றே. வாசகர் செங்கடலின் கரைக்கு வந்து சேர்ந்ததும் என் மனத்தில் எழுவது திருவிவிலியத்தின் காட்சியன்று. சிவப்பு மேலாடையும் நரைத்த தாடியும் கொண்ட சார்ல்டன் ஹெஸ்டன் என்னும் அமெரிக்க நடிகர் பாறைமீது நின்று கைகளை விரிக்கிறார். கண்ணிமைக்கும் பொழுதில் கடல் இரண்டாகிறது. இறைவார்த்தை வாசிக்கப்படும்போது என் உள்ளத்தில் ஓடிக்கொண்டிருப்பது 1956-ஆம் ஆண்டில் ஹாலிவுட்டில் எடுக்கப்பட்ட ஒரு படச்சுருள். இதை இதுவரை எவரிடமும் நான் சொன்னதில்லை.

அந்தக் காட்சி எனக்குள் புகுந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 1980-ஆம் ஆண்டுத் தவக்காலம். எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் பங்கின் கோவில் திடலில் இரண்டு சவுக்குக் கம்புகளுக்கிடையே வெள்ளை வேட்டிகளைத் தைத்துக் கட்டியிருந்தார்கள். 16 மி.மீ. படக்கருவியை எங்கிருந்தோ வரவழைத்திருந்தார் பங்குத்தந்தை. ‘பத்துக் கட்டளைகள்’ ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் ஓடும் படம். சுருள் மாற்றும்போதெல்லாம் திடல் இருளில் மூழ்கும்; குழந்தைகள் அழும்; கடலை விற்பவர் குரல் கொடுப்பார். ஆங்கில உரையாடல் எங்களில் எவருக்கும் விளங்கவில்லை. எங்கள் உபதேசியார் ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் நடப்பதைத் தமது போக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கடல் பிளந்தபோது மட்டும் அவரும் பேச்சை நிறுத்திவிட்டார். வயது முதிர்ந்த பெண்கள் சிலர் எழுந்து நின்று சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்கள். மறுநாள் விடிந்ததும் நான் திடலுக்கு ஓடி, திரை கட்டியிருந்த இடத்தின் பின்புறம் சென்று பார்த்தேன். ஈரமண்ணும் ஓர் ஆட்டுக்குட்டியும் இருந்தன.

மாபெரும் வசூலைக் குவித்த இயக்குநர்களின் செல்வாக்குத் திரைக்கலையில் நிலைத்து நிற்குமா, அல்லது அடுத்த பெரும்படம் வந்ததும் கரைந்துவிடுமா என்ற வினா திரைப்பட ஆர்வலரிடையே அடிக்கடி எழுகிறது. இத்தகைய படங்களுக்கு ‘பிளாக்பஸ்டர்’ என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் ஒரு குடியிருப்புப் பகுதி முழுவதையும் தகர்க்கவல்ல வெடிகுண்டுக்கு வழங்கிய சொல் அது. பின்னர் திரைத்தொழில் அதைத் தனதாக்கிக்கொண்டது. தன் வெற்றிக்குப் பெயர் தேடிய ஒரு தொழில் வெடிகுண்டின் பெயரைத் தேர்ந்துகொண்டதை என்னவென்று சொல்வது! என்னைப் பொறுத்தவரை அவ்வினா திரைப்பட வரலாற்றோடு முடிந்துவிடுவதில்லை. ஓர் இயக்குநரின் செல்வாக்கு நாற்பத்தைந்து ஆண்டுகளாக என் தலைக்குள், அதுவும் திருவிழிப்பு இரவில், குடியிருக்கிறது. அது நிலைத்த செல்வாக்கா என்று நான் பிறரைக் கேட்கத் தேவையில்லை. எது நிலைத்தது, எது நிலைத்திருக்க வேண்டும் என்பதே என் வினா.

செசில் பி. டெமில் 1881-இல் பிறந்தவர், 1914-இல் தம் முதற்படத்தை வெளியிட்டவர், 1959-இல் மறைந்தார். அமெரிக்காவில் இயக்குநர் ஒருவரின் பெயரே மக்களைத் திரையரங்குக்கு இழுத்த காலத்தைத் தொடங்கி வைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். மோசேயின் வரலாற்றை அவர் இருமுறை எடுத்தார். முதலாவது 1923-இல் வந்த ஊமைப்படம். அதற்காகக் கலிபோர்னியாவின் குவாடலூப்பே மணற்குன்றுகளில் ஓர் எகிப்திய நகரையே எழுப்பினார். நூறடிக்கு மேற்பட்ட உயரமுள்ள மதில்கள், வாயிலுக்குச் செல்லும் வழியின் இருமருங்கும் இருபதுக்கு மேற்பட்ட சிங்கவுடல் சிலைகள். அனைத்தும் மரமும் சுண்ணச் சாந்தும்தான். படப்பிடிப்பு முடிந்ததும் அந்நகரம் அங்கேயே மணலுக்குள் புதையுண்டது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் தொல்லியலார் அதைத் தோண்டியெடுத்து, எகிப்தியர் கடல் கடந்து அமெரிக்காவுக்கு வந்தனர் என்று எழுதிவிட வேண்டாம் என அவரே தம் தன்வரலாற்றில் வேடிக்கையாகக் குறிப்பிட்டிருக்கிறார். ஆயிரம் ஆண்டுகள் ஆகவில்லை. 1983-இல் சிலர் அவ்விடத்தைக் கண்டறிந்தனர். அண்மைக் காலத்தில் சிலைகளின் தலைகளை உடையாமல் எடுக்கும் முயற்சி நடந்தது. உண்மையான எகிப்தியச் சிற்பங்களைத் தோண்டும் அதே பொறுமையோடு, பொய்யான எகிப்தைத் தோண்டினார்கள்.

அந்த 1923-ஆம் ஆண்டுப் படத்தில் கடல் பிளந்தது எப்படித் தெரியுமா? விருந்தில் பரிமாறும் ஜெல்லியைக் கட்டியாக வார்த்து, நடுவே பிளந்து, அது உருகி ஒன்றுசேர்வதைப் படமெடுத்துச் சுருளைப் பின்னோக்கி ஓட்டினார்கள். 1956-இல் பெருந்தொட்டிகளில் நீரைக் கொட்டிப் படமெடுத்து, அதையும் பின்னோக்கி ஓட்டினார்கள். அப்படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கார் விருது இந்தத் தந்திரக் காட்சிகளுக்காகத்தான். எழுந்து நின்று சிலுவை அடையாளம் வரைந்த எங்கள் ஊர்ப் பெண்கள் கண்டது, முன்னோக்கி விழுந்த நீர் பின்னோக்கி ஏறியதை.

இனி இறையியல் மாணவனாக ஒரு சொல். திருவிவிலியம் அந்நிகழ்ச்சியை எப்படிச் சொல்கிறது? இரவு முழுவதும் வலிய கீழைக்காற்று வீசியதால் கடல் பின்வாங்கிற்று என்கிறது ஓர் இடம். வலமும் இடமும் நீர் மதிலென நின்றது என்று அதே அதிகாரம் மற்றோர் இடத்தில் கூறுகிறது. இரு வேறு மரபுகள் இங்கே ஒன்றாகப் பின்னப்பட்டுள்ளன என்று குருமடத்தில் கற்றோம். ஆகவே டெமில் திருநூலைத் திரித்தார் என்று நான் குற்றஞ்சாட்ட மாட்டேன். மதிலை எடுத்துக்கொண்டார், இரவை விட்டுவிட்டார். பின்னால் தேர்ப்படை, முன்னால் நீர், நடுவில் விடியும்வரை காற்றின் ஓசையைக் கேட்டபடி நடுங்கிக்கொண்டிருந்த மக்கள்: அந்த நீண்ட இரவு திரையில் இல்லை. திரையில் இல்லாததால் என் மனத்திலும் இல்லாமற் போயிற்று. மறைக்கல்வி வகுப்பில் இந்நிகழ்ச்சியை வரையச் சொன்னால் பிள்ளைகள் அனைவரும் இரண்டு நேர்க்குத்தான நீலச்சுவர்களையே வரைகிறார்கள். அவர்களுள் ஒருவர்கூட அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பாடநூலில் உள்ள ஓவியத்தைப் பார்த்து வரைகிறார்கள். அந்த ஓவியர் எதைப் பார்த்து வரைந்தார் என்று ஊகிப்பது கடினமன்று.

டெமில்மீது நெடுநாளாக ஒரு குறை சொல்லப்படுகிறது: பாவத்தை நெடுநேரம் காட்டி, மனமாற்றத்தைச் சுருக்கமாகக் காட்டுபவர் என்று. அக்குறை பொய்யன்று. 1932-இல் வந்த ‘சிலுவையின் அடையாளம்’ என்னும் படத்தில் பேரரசி கழுதைப்பாலில் நீராடும் காட்சிதான் மக்கள் நினைவில் நின்றது, மறைச்சாட்சியர் நிற்கவில்லை. கத்தோலிக்கரிடையே அப்படத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1927-இல் வந்த ‘அரசர்க்கரசர்’ படமும் மகதலா மரியாவின் ஆடம்பர விருந்தோடுதான் தொடங்குகிறது. அவர் ஏறிச் செல்லும் தேரை வரிக்குதிரைகள் இழுக்கின்றன. இதற்கு நற்செய்தியில் எங்கே இடம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

ஆனால் அதே படத்தில் வேறொன்று இருக்கிறது. படம் தொடங்கிச் சற்று நேரம்வரை இயேசுவின் முகத்தை நாம் காண்பதில்லை. பார்வையற்ற ஒரு சிறுமியை அவரிடம் அழைத்து வருகிறார்கள். திரை இருள்கிறது. அந்த இருளில் மெல்ல ஒளி கசிகிறது. ஒளிக்குள்ளிருந்து ஒரு முகம் தெளிகிறது. சிறுமி முதன்முதலாகக் காண்பதையே நாமும் முதன்முதலாகக் காண்கிறோம். அதுவரை நாமும் பார்வையற்றிருந்தோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது. இதற்குப் பெருநகரம் வேண்டியிருக்கவில்லை. பல்லாயிரம் துணை நடிகர்களும் வேண்டியிருக்கவில்லை. ஒரு சிறுமியின் கண்களைப் படக்கருவி இரவல் வாங்கிக்கொண்டது, அவ்வளவே. அப்படத்துக்கு ஆலோசகராக இருந்த சேசு சபைக் குரு டேனியல் லார்டு, பின்னாளில் ஹாலிவுட்டுக்கான ஒழுக்க விதித்தொகுப்பை 1930-இல் உருவாக்கியவர்களுள் ஒருவர். அவ்விதிகள் 1968-இல் வழக்கொழிந்தன. சிறுமியின் கண் வழியே வந்த அந்த முகமோ இன்றும் புதுமை குன்றாமல் இருக்கிறது.

திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் 45 படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. சமயம், விழுமியம், கலை என்று மூன்று பிரிவுகள், பிரிவுக்குப் பதினைந்து படங்கள். நான் அப்போது இறையியல் மாணவன். எங்கள் பேராசிரியர் ஒருவர் அப்பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். டெமிலின் பெயரைத் தேடினேன். இல்லை. சமயப் பிரிவில் பசோலினியின் ‘மத்தேயு நற்செய்தி’ இருந்தது. பொதுவுடைமையாளரும் இறைநம்பிக்கையற்றவருமான பசோலினி, திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கி 1964-இல் எடுத்த படம் அது. தொழில்முறை நடிகர்கள் இல்லை. தென் இத்தாலியின் வறண்ட மலையூர். முதிய மரியாவாகத் தம் சொந்தத் தாயையே நடிக்கவைத்திருந்தார். ஒளிநாடாவில் அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து சில ஆண்டுகள் டெமிலின் பெயரைக் கேட்டாலே இளநகை புரியும் அறிவாளியாக உலவினேன். இளங்குருக்களுக்கு வரும் நோய்களுள் இதுவும் ஒன்று.

அந்நோயை என் முதல் பங்கு குணப்படுத்தியது. பசோலினியின் படத்தை மக்களுக்குக் காட்டியே தீர்வதென்று ஒரு தவக்கால வெள்ளியன்று ஏற்பாடு செய்தேன். அரைமணி நேரத்தில் பாதிக் கூட்டம் கலைந்தது. எஞ்சியவர்கள் எனக்காக உட்கார்ந்திருந்தார்கள். மக்களுக்குச் சுவையில்லை என்று அன்று எண்ணினேன். பின்னர் யோசித்தபோது, என் பத்து வயதில் எங்கள் உபதேசியார் செய்ததை நான் செய்யவில்லை என்பது விளங்கிற்று. அவர் படத்தை மக்களுக்கு விளக்கினார்; நான் மக்களை மதிப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அதே பட்டியலில் வில்லியம் வைலரின் ‘பென்-ஹர்’ இடம்பெற்றிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1959-இல் வந்து பதினொரு ஆஸ்கார் விருதுகளை அள்ளிய பெருவெற்றிப் படம் அது. தேரோட்டப் போட்டிதான் அதன் புகழ். அதைப் பின்பற்றி எத்தனையோ துரத்தல் காட்சிகள் வந்துவிட்டன. 1999-இல் ஜார்ஜ் லூகாஸ் அதை விண்வெளிக் கதைக்கே கொண்டுபோனார். எனக்கு அப்படத்தில் பெரிதாகப்படுவது நாசரேத்தில் ஒரு கிணற்றடி. சங்கிலியிட்ட அடிமைக்கு ஒருவர் தண்ணீர் கொடுக்கிறார். தடுக்க வந்த உரோமைப் படைவீரன் அவர் முகத்தைப் பார்க்கிறான். பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் பின்வாங்குகிறான். நாம் காண்பது அவருடைய முதுகையும் கையையும் மட்டுமே. படம் முடியும்வரை முகம் காட்டப்படுவதில்லை. டெமில் முகத்தைக் காட்டிய விதமும் வைலர் முகத்தை மறைத்த விதமும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், இருவரும் நம்மை மற்றொருவரின் கண்களைப் பார்க்கச் செய்கிறார்கள்.

இனி டெமிலின் வாரிசுக்கு வருவோம். 1952-இல் அவர் சர்க்கஸை வைத்து எடுத்த ‘உலகின் மாபெரும் காட்சி’ சிறந்த படத்துக்கான ஆஸ்காரைப் பெற்றது. தகுதியற்ற தேர்வு என்று இன்றுவரை விமர்சகர்கள் எள்ளும் படம். அதில் இரண்டு தொடர்வண்டிகள் மோதிக்கொள்ளும். அதைப் பார்த்து அஞ்சி நடுங்கிய ஒரு சிறுவன், தன் பொம்மை இரயிலைத் திரும்பத் திரும்ப மோதவிட்டு, தந்தையின் சிறிய படக்கருவியால் படம்பிடித்தான். அச்சிறுவன் ஸ்டீவன் ஸ்பீல்பர்க். 2022-இல் தம் இளமையைச் சொல்லும் ‘தி ஃபேபல்மன்ஸ்’ படத்தை அவர் அந்தத் திரையரங்குக் காட்சியோடுதான் தொடங்குகிறார். 1977-இல் வேற்றுக்கோளினரைப் பற்றி அவர் எடுத்த படத்தில், கதைநாயகனின் வீட்டுத் தொலைக்காட்சியில் ‘பத்துக் கட்டளைகள்’ ஓடிக்கொண்டிருக்கும். பட்டியலில் இடம்பெறாத இயக்குநர், பட்டியலில் இடம்பெற்ற இயக்குநரை உருவாக்கியிருக்கிறார். செல்வாக்கு என்பது விமர்சகர் அறியாத வழிகளில் பயணம் செய்கிறது.

1975 ஜூன் 20 அன்று ஸ்பீல்பர்க்கின் ‘ஜாஸ்’ அமெரிக்காவில் ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்ட அரங்குகளில் வெளியானது. தொலைக்காட்சியில் இடைவிடாத விளம்பரம். ஊர் ஊராக மெல்லப் பரவி, ஒருவர் சொல்லி மற்றவர் பார்த்து வளரும் படங்களின் காலம் முடியத் தொடங்கியது. முதல் மூன்று நாள் வசூலே ஒரு படத்தின் தலையெழுத்தை முடிவு செய்யும் இன்றைய வழக்கத்துக்கு அந்தக் கோடைக்காலம் பெரும் காரணம். இது நிலைத்த செல்வாக்குத்தான். எனினும் நல்லதென்று நான் சொல்லமாட்டேன். பொறுமையோடு பார்க்க வேண்டிய படத்துக்கு இடமில்லாமல் போயிற்று. இன்னொரு விளைவும் உண்டு. அப்படத்துக்குப் பின் சுறாக்களை மக்கள் வெறுத்து வேட்டையாடினர். மூலக்கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி தம் பிற்காலத்தைக் கடல்வாழ் உயிர்களின் பாதுகாப்புக்காகச் செலவிட்டார். ஸ்பீல்பர்க்கும் 2022-இல் வானொலி நேர்காணலில் தம் வருத்தத்தை வெளிப்படையாகத் தெரிவித்தார். ஒரு காட்சி கற்பனையில் குடியேறிவிட்டால் அதை உருவாக்கியவரே வந்து வெளியேற்ற முயன்றாலும் அது போவதில்லை.

ஆயினும் ‘ஜாஸ்’ ஒரு பாடத்தையும் கற்றுத்தந்தது. படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா உப்புநீரில் பழுதாகிக்கொண்டே இருந்தது. வேறு வழியின்றி, சுறாவைக் காட்டாமல் அது இழுத்துச் செல்லும் மஞ்சள் பீப்பாயைக் காட்டினார். ஜான் வில்லியம்சின் இரண்டே சுரங்களை ஒலிக்கவிட்டார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சுறாவை நாம் முழுமையாகக் காண்பதில்லை. 1993-இல் அதே உத்தியை அவர் விரும்பியே கையாண்டார். ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் கொடிய விலங்கு வருமுன் கோப்பையிலுள்ள தண்ணீரில் வளையங்கள் தோன்றுகின்றன. கணினி வரைகலை அன்றிலிருந்து பலமடங்கு முன்னேறிவிட்டது. அவ்விலங்கைவிடப் பெரியவை எத்தனையோ திரையில் வந்துபோயின. அந்தத் தண்ணீரின் நடுக்கத்தை எவரும் விஞ்சவில்லை.

அதே 1993-இன் இறுதியில் வந்தது ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’. போலந்தில் பகலில் இதைப் படமாக்கிவிட்டு, இரவில் அந்த விலங்குப் படத்தின் இறுதிப் பணிகளைச் செயற்கைக்கோள் வழியாகக் கவனித்தாராம் ஸ்பீல்பர்க். ஒரே மனிதர், ஒரே நாள், இரண்டு படங்கள்! கருப்பு வெள்ளையில் ஓடும் அப்படத்தில், கிராக்கோவின் யூதச் சேரியிலிருந்து மக்கள் துரத்தப்படும்போது, குன்றின்மேல் குதிரையில் அமர்ந்து பார்க்கும் ஷிண்ட்லரின் கண்களில் சிவப்பு மேலங்கி அணிந்த ஒரு சிறுமி மட்டும் படுகிறாள். ஆயிரவருள் ஒருத்தி. டெமிலின் 1927-ஆம் ஆண்டுச் சிறுமியை ஸ்பீல்பர்க் நினைத்தாரா என்பதன்று செய்தி. பெருங்கூட்டத்தைக் காட்டக் கற்ற கை, ஒரு முகத்தை எடுத்துக்காட்டவும் கற்றிருந்தது என்பதே செய்தி. வத்திக்கான் பட்டியலில் ஸ்பீல்பர்க் இடம்பெற்றது இப்படத்துக்காக. இதற்கு ஊதியம் வாங்க அவர் மறுத்தார். 1994-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, இனப்படுகொலையில் தப்பியோர் 50,000-க்கும் மேற்பட்டவர்களின் சாட்சியங்களை ஒளிப்பதிவாகத் திரட்டச் செய்தார்.

ஜேம்ஸ் கேமரூனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2009-இல் வந்த அவருடைய ‘அவதார்’ உலகிலேயே மிகுந்த வசூலை ஈட்டியது. அதன் கதைநாயகனின் பெயர் என்ன என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். முப்பரிமாணக் கண்ணாடியின் மோகமும் சில ஆண்டுகளில் தணிந்தது. ஆனால் அம்மோகத்துக்காக உலகெங்கும் அரங்குகள் எண்மமுறைக் கருவிகளை விரைந்து வாங்கின. சுருளோடு ஓடிய பழைய கருவிகள் மூலைக்குப் போயின. கதை மறக்கப்பட்டுக் கருவி தங்கிவிட்டது. இதையும் செல்வாக்கு என்றே கணக்கெழுத வேண்டும்.

ஒரு செய்தி மட்டும் என்னை இன்னும் குழப்புகிறது. 2014-இல் ரிட்லி ஸ்காட் மோசேயின் கதையைப் புதிய கணினி நுட்பங்களோடு எடுத்தார். அவர் படத்தில் கடல் சுவராக நிற்பதில்லை. நீர் மெல்ல மெல்ல வடிகிறது. நான் மேலே குறைபட்டுக்கொண்ட அந்தக் காத்திருப்பு அதில் ஓரளவு இருக்கிறது. எனினும் அது எவர் மனத்திலும் தங்கவில்லை, என் மனத்திலும்தான். ஜெல்லியும் தொட்டித் தண்ணீரும் வென்றன. ஏன்? எனக்குத் தோன்றும் விடை கலைநுட்பத்தில் இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று 1973 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் பாஸ்கா காலத்தில் டெமிலின் படத்தை ஒளிபரப்பி வருகிறது. பெற்றோர் பார்த்ததைப் பிள்ளைகளும் அதே நாளில் பார்க்கிறார்கள். நம் ஊர்ப் பங்குகளில் வேட்டித் திரையில் அதைக் காட்டியதும் தவக்காலத்தில்தான். ஆண்டின் ஒரு நாளோடு பிணைந்துவிட்ட ஒன்றை அவ்வளவு எளிதாக அகற்ற முடியாது. வழிபாட்டைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில், பலவாறு யோசித்தபின், பங்கு மன்றத்தில் ‘பத்துக் கட்டளைகள்’ படத்தை மீண்டும் காட்டினேன். இம்முறை உபதேசியாரின் வேலையை நானே செய்தேன். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை, மன்றம் சிறியது. கடல் பிளக்கும் இடத்தில் இளைஞர்கள் சிரித்துவிட்டார்கள். மனித உருவங்களைச் சுற்றி நீலக்கோடு தெரிகிறது என்று கைநீட்டிக் காட்டினார்கள். உண்மையில் தெரியத்தான் செய்கிறது. திடலில் நாங்கள் பார்த்தபோது தெரியவில்லை.

அதற்கு முன்னால், இஸ்ரயேல் மக்கள் எகிப்தைவிட்டுப் புறப்படும் காட்சியில் அவர்கள் சிரிக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் ஆடுமாடுகளோடு நகரும் அந்தக் கூட்டத்தில், நடக்கவியலாத முதியவர் ஒருவரை ஓர் ஆள் கைகளில் தூக்கி வருகிறார். உயிர் பிரியும் நிலையில் அம்முதியவர் சில சொற்கள் பேசுகிறார். சில நொடிகளே வரும் காட்சி. முதியவராக நடித்தவர் ஹெச். பி. வார்னர், 1927-இல் அந்தச் சிறுமியின் கண்களுக்கு முதன்முதலாகத் தெரிந்த முகம் அவருடையதுதான். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின், தம் இயேசுவை டெமில் தேடி அழைத்து, பெயர் தெரியாத கூட்டத்துள் ஒருவராக வைத்திருக்கிறார். வார்னர் நடித்த கடைசிப் படங்களுள் இது ஒன்று. 1958-இல் அவர் மறைந்தார். 1980-இல் பார்த்தபோது இக்காட்சி என் கண்ணில் படவே இல்லை.

படம் முடிந்து இளைஞர்கள் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி ஊன்றுகோலைப் பிடித்து மெல்ல எழுந்து என்னிடம் வந்தார். கடலைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

“சாமி, அந்தத் தூக்கிட்டு வந்த பெரியவரு... அவரு கடலத் தாண்டினாரா?”

இல்லை பாட்டி, கரைக்கு வந்து சேருமுன்பே இறந்துவிட்டார் என்றேன்.

“வெளிய வந்துட்டாருல்ல?” என்று கேட்டார். ஆம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, வாயிற்படியில் கழற்றி வைத்திருந்த செருப்பைத் தேடிப் போனார்.